பரோ கவுன்சில் கூட்டம்: நுழைவு இலவசம், தேத்தண்ணி கிடையாது

"இதுக்கும் ரிவியூவா அப்பா?" என்று மகள் சிரிக்கிறாள். ஏன் கூடாது? மசாலாத் தோசை ஆறிப்போய் வந்ததென்று பத்து வரி எழுதுகிற சனம் நாங்கள். வருசத்துக்கு ஈராயிரம் பவுணுக்கு மேலே கவுன்சில் ராக்ஸ் (வீட்டுக்கான உள்ளூர் வரி) கட்டுகிறேன். கடைக்கு பிஸ்னஸ் றேற்ஸ் வேறு. அந்தக் காசைப் பற்றி ஒரு மண்டபத்தில் இருந்து கதைக்கிறார்கள். கதவு திறந்துதான் கிடக்கிறது, நுழைவுச்சீட்டும் இல்லை. எங்கள் ஆக்கள் ஒருத்தரும் அதைப் பற்றி எழுதினதாகக் காணவில்லை.

எந்தப் பரோ (லண்டனின் உள்ளூராட்சிப் பிரிவு) என்று சொல்லமாட்டேன். வடமேற்கு லண்டன், கடைத்தெருவில் தமிழும் குஜராத்தியும் அருகருகே தொங்கும், அவ்வளவு காணும். 1965 ஏப்ரலில் இருந்து லண்டனில் 32 பரோக்கள். சிற்றி ஒஃப் லண்டன் தனிக் கதை. கட்சி மாறும், கட்டடம் மாறும், கூட்டம் நடக்கிற முறை அநேகமாக ஒன்றுதான். ஆகவே நீங்கள் ஈஸ்ற் ஹாமில் இருந்தாலும் ரூட்டிங்கில் இருந்தாலும் கீழே உள்ளது பொருந்தும்.

முதலில் ஒன்று விளங்க வேண்டும். உள்ளே போய் இருப்பது கவுன்சில் எங்களுக்குத் தருகிற சலுகை இல்லை. 1960 இல் வந்த ஒரு சட்டத்தோடு தொடங்கின உரிமை அது. அந்தச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மார்கிரட் தச்சர். பாராளுமன்றத்தில் அவருடைய கன்னிப்பேச்சே அதற்காகத்தான். அம்மையாரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயங்கள் கனக்க உண்டு, தலைக்கு இவ்வளவு என்று போல் ராக்ஸ் கொண்டுவந்தவரும் அவர்தானே. இந்த ஒன்றுக்கு மட்டும் புள்ளி போடலாம். பிறகு 2014 இல் வந்த விதிகளின்படி கூட்டத்தைத் தொலைபேசியில் படம் பிடிக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம், இருந்த இடத்தில் இருந்தே ஊருக்குச் சொல்லலாம். ஒருவரும் தடுக்க முடியாது, கூட்டத்தைக் குழப்பாத வரைக்கும். ஆனால் பார்க்கத்தான் உரிமை. வாய் திறந்து கதைக்கிறது அந்தந்தக் கவுன்சிலின் சொந்த விதியைப் பொறுத்தது. பெரும்பாலும் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும்.

இனிச் சரக்கைப் பார்ப்போம். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று எல்லாக் கவுன்சிலர்களும் கூடுகிற ஃபுல் கவுன்சில். மற்றது சின்னச் சின்னக் குழுக்கள்: பிளானிங் (கட்டட அனுமதி), லைசென்சிங் (வியாபார அனுமதி), ஸ்குரூற்றினி (முடிவுகளைத் துருவிப் பார்ப்பது) என்று. முதல்முறை போகிற ஆள் ஃபுல் கவுன்சிலுக்குத்தான் போவார். பெயரிலேயே பெரியது இருக்கிறதே.

ஃபுல் கவுன்சில் பார்க்க வடிவுதான், அதில் குறை சொல்ல ஏலாது. ஏழு மணிக்கு ஒருவர் செங்கோலைத் தோளில் சாய்த்தபடி முன்னால் வர, பின்னால் தங்கச் சங்கிலி போட்ட மேயர் வருவார். எல்லாரும் எழும்பி நிற்க வேண்டும், மேலே கலரியில் இருக்கிற நாங்களும்தான். மேயர் என்றவுடன் ஊரை ஆளுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். நியூஹாம், ஹக்னி, லூயிஷம், ரவர் ஹம்லெற்ஸ், குரொய்டன் ஆகிய ஐந்து பரோக்களில்தான் மேயரைச் சனம் நேரே தெரிவு செய்கிறது, அதிகாரமும் அவரிடம். மற்ற இடங்களில் சங்கிலி மேயரிடம், சாவி லீடரிடம், அதாவது கவுன்சிலை நடத்துகிற அரசியல் தலைவரிடம். மேயர் கூட்டத்தை நடத்துவார், கடை திறப்பு விழாவுக்கு வந்து ரிப்பன் வெட்டுவார். எங்கள் தெருவில் புடவைக்கடை திறந்தபோது வந்தவர் அப்படியொருவர். நல்ல மனுசன், பட்டுச்சேலையின் விலையைக் கேட்டுத் திகைத்துப் போனார்.

அதன்பிறகு வரிசையாக வரும்: வராதவர்கள் யார், ஆருக்கு இந்த விசயங்களில் சொந்த நலன் இருக்கிறது, போன கூட்டத்தின் அறிக்கை சரிதானா, மேயரின் அறிவிப்புகள், மனுக்கள், பொதுசனத்தின் கேள்விகள், பிரேரணைகள். பொதுசனக் கேள்வி நேரத்தில்தான் எனக்குப் பசி எடுத்தது. ஒருவர் தன் தெருவில் உள்ள குழிகளைப் பற்றி நாள்கணக்கில் முன்னதாகவே எழுதிக் கொடுத்த கேள்வியை எழும்பி வாசித்தார். கபினெற் உறுப்பினர், கவுன்சிலின் மந்திரி மாதிரி, தன் கையில் இருந்த தாளை வாசித்தார். இவர் துணைக்கேள்வி ஒன்று கேட்டார், அதற்கு மட்டும் தாள் இல்லை. "எழுத்தில் பதில் தருவேன்." இருந்தார். முடிந்தது. அந்த எழுத்துப் பதில் வந்ததா என்று பிறகு அவரை ஒருநாள் கடையில் கண்டபோது கேட்டேன். வந்ததாம், கூட்டத்தில் வாசித்த அதே பந்திதானாம்.

பிரேரணைகள் இன்னும் மோசம். உலகப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு கட்சியும் மாறி மாறித் தாள் பார்த்து வாசிக்கும். நடுவில் கொஞ்சம் கத்தல், மேசையில் தட்டல். ஹான்ட்போர்த் பரிஷ் கவுன்சிலின் சூம் கூட்ட வீடியோவை 2021 பெப்ரவரியில் உலகமே பார்த்துச் சிரித்ததே, அந்தக் குதூகலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது கிராமத்துச் சபை, அவர்களுக்கு உண்மையாகவே ஒருத்தரில் ஒருத்தர் கோபம் இருந்தது. பரோவில் கோபம்கூடத் தட்டச்சு செய்து கொண்டுவரப்படுகிறது. எங்கள் ஊர்க் கலியாணம் மாதிரி இது. பேச்சுக்கால் எல்லாம் எப்பவோ முடிந்திருக்கும், மண்டபத்தில் தாலி கட்டுவது மட்டும்தான். கட்சிக்காரர் முதல் நாளே தங்களுக்குள் கூடி எப்படிக் கை தூக்குவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஃபுல் கவுன்சிலில் ஒன்றே ஒன்று மட்டும் போய்ப் பார்க்கப் பெறுமதி: பெப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ வருகிற பட்ஜெட் கூட்டம். அன்றைக்குத்தான் எங்கள் கவுன்சில் ராக்ஸ் எவ்வளவு கூடும் என்று முடிவாகும். மார்ச் 11 க்கு முன் முடித்தாக வேண்டும் என்பது சட்டம். சமூகப் பராமரிப்புப் பொறுப்பு உள்ள கவுன்சில்களில் அநேகமானவை வருசத்துக்கு 4.99 வீதம் வரைதான் சனத்திடம் வாக்கெடுப்பு வைக்காமல் கூட்டலாம், ஆகவே அநேகம் பேர் அந்த 4.99 இலேயே போய் நிற்பார்கள். கை தூக்கினால் போதாது, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆதரவா எதிர்ப்பா என்று பதிய வேண்டும், 2014 இல் இருந்து அப்படித்தான். தொடங்குகிறபோது சட்ட அதிகாரி எழும்பி ஒரு எச்சரிக்கை வாசிப்பார்: கவுன்சில் ராக்ஸ் இரண்டு மாதத்துக்கு மேலே கட்டாமல் வைத்திருக்கிற கவுன்சிலர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவர் வாக்களிக்கவும் கூடாது. 1992 ஆம் ஆண்டுச் சட்டம் இது. அந்த நேரம் மண்டபத்தை ஒருக்கால் மேலே இருந்து பாருங்கள். ஒருத்தரும் ஒருத்தரையும் பார்க்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் மாநகரசபை வரவு செலவுத் திட்டம் தோற்று, முதல்வரின் பதவியே போனது. இங்கே அந்த மாதிரித் திகில் இல்லை. பெரும்பான்மை யாரிடம் என்பது மே மாதத் தேர்தலன்றே தெரிந்துவிடும், பிறகு நாலு வருசத்துக்கு எண்ணிக்கை அதேதான். இருந்தாலும் பட்ஜெட் தாள்களை அசட்டை செய்யக்கூடாது. குரொய்டனில் கவுன்சிலே வைத்திருந்த வீடு கட்டும் கம்பனிக்கு அள்ளிக் கொடுத்த கடனும் ஒரு காரணமாக, 2020 நவம்பரில் காசு முடிந்தது என்று அதிகாரபூர்வமாக அறிவிக்க வேண்டி வந்தது. 2023 இல் அங்கே கவுன்சில் ராக்ஸை 14.99 வீதம் கூட்டினார்கள். அந்தக் காசைக் கட்டினவர்களில் எங்கள் சனமும் எவ்வளவோ பேர்.

சரி, குழுக்களுக்கு வருவோம். நான் சொல்ல வந்ததே இதுதான். மினக்கெட்டு ஒரு பின்னேரம் போகிறதென்றால் பிளானிங் குழுவுக்குப் போங்கள்.

செங்கோல் இல்லை, சங்கிலி இல்லை. லாடம் மாதிரி வளைத்துப் போட்ட மேசை, சுவரில் ஒரு பெரிய திரை, கவுன்சிலர்கள் ஒரு பக்கம், அதிகாரிகள் ஒரு பக்கம். பார்க்கிறவர்களுக்குக் கடைசியில் பிளாஸ்ரிக் கதிரை. ஒலிவாங்கியை அழுத்த மறந்து பாதிப் பேர் கதைப்பார்கள், பின்வரிசைக்கு முணுமுணுப்புத்தான் வரும். நான் போன அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் எங்கள் தெரு விசயம் இரண்டாவது. தலைவர் வந்திருந்து வரிசையை மாற்றினார், நாங்கள் கடைசிக்குப் போய்விட்டோம். ஒன்பதரை தாண்டியும் காத்திருப்பு. தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் கவுன்சிலர்கள் மேசையில்தான். இடையில் வாடகை ஒப்பந்தம் சம்பந்தமான ஒரு தாளை எடுக்க வேண்டுமென்று பொதுசனம் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வியாபார இரகசியம் என்றால் கதவைச் சாத்தலாம். ஆனால் அந்த ஒரு தாளைக் கடைசிக்குத் தள்ளியிருந்தால் முட்டி நோவோடு ஒரு மனுசி தாழ்வாரத்தில் நின்றிருக்கத் தேவையில்லை.

அந்த மனுசி எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு எடுத்தவ. அவவின் வீட்டோடு ஒட்டின மூலை வீட்டை இடித்து ஒன்பது ஃபிளற் கட்டப் போகிறார்கள் என்று விளக்குக் கம்பத்தில் தாள் ஒட்டியிருந்தது. ஏன் ஒன்பது? பத்து என்றால் பெரிய திட்டம் என்ற கணக்கில் போய்விடும், குறைந்த விலை வீடு ஒதுக்குகிற கேள்வி வரும், சட்டப்படி எடுக்கிற காலமும் 8 கிழமையில் இருந்து 13 கிழமை ஆகும். இந்த ஊரில் ஒன்பது என்ற இலக்கத்தைக் கண்டால் கட்டடக்காரர் கணக்குத் தெரிந்தவர் என்று அர்த்தம்.

ஆட்சேபிக்கிறவருக்கு மூன்று நிமிடம். அக்கா எழுதிக்கொண்டு வந்த தாளைக் கடைக் கவுண்டரில் வைத்து மகள் வாசித்தாள். வீட்டு விலை விழும், என்னுடைய பின்வளவுப் பார்வை கெட்டுப்போகும், அந்தக் கட்டடக்காரன் ஏற்கெனவே வேறு தெருவில் ஆக்களை ஏமாற்றினவன், இவ்வளவு பேருக்கும் கார் நிற்பாட்ட இடம் எங்கே. மகள் பேனையை எடுத்தாள். வீட்டு விலை பிளானிங்குக்குக் கணக்கில்லை. பார்வையும் கணக்கில்லை. விண்ணப்பதாரர் நல்லவனா கெட்டவனா என்பதும் கணக்கில்லை. நான் இடையில் புகுந்து கேட்டேன், கீழ்த்தளத்தில் பலசரக்குக் கடை போட்டால் என்னுடைய வியாபாரம் படுக்குமே என்று. வியாபாரப் போட்டியும் கணக்கில்லையாம்.

"அப்ப என்னத்தைத்தான் பிள்ளை சொல்லுறது?" அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

வெளிச்சம் மறைவது, ஜன்னலில் இருந்து உங்கள் வளவுக்குள் எட்டிப் பார்ப்பது, சத்தம், போக்குவரத்து, மரம், கட்டடத்தின் அளவும் தோற்றமும். இவைதான் எடுபடும். கார் விசயம்கூட நினைத்த மாதிரி இல்லை. 2021 லண்டன் பிளான்படி (முழு நகருக்குமான கட்டுமானத் திட்டம்) ரியூப், பஸ் வசதி நன்றாக உள்ள இடத்தில் கார் இடமே இல்லாமல் கட்டுவதுதான் தொடக்கப் புள்ளி. எங்கள் தெரு ரியூப் நிலையத்துக்குக் கிட்ட. புதிதாக வருகிறவர்களுக்குத் தெருவில் பார்க்கிங் பெர்மிற் கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு அனுமதி தருவார்கள். கார் பிரச்சினையைத் துருப்புச்சீட்டு என்று நினைத்துக் கொண்டுபோகிறவர்களை அன்றைக்கே மற்ற விண்ணப்பங்களில் பார்த்தேன். அதிகாரி ஒரே வசனத்தில் மடக்கி வைத்தார்.

அக்காவின் முறை வந்தது. திரையில் 3:00 என்று விழுந்து இறங்கத் தொடங்கியது. தாளை வாசித்தா. மேல்மாடிப் பக்கத்து ஜன்னல் தன் குசினியை நேரே பார்க்கிறது என்றா. மாரியில் பின்வளவுக்கு வெயில் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்றா. பிறகு தாளை மடித்துவிட்டு, தன்பாட்டில் ஒன்று சொன்னா: "குப்பைத்தொட்டி எல்லாத்தையும் என்ர மதிலோட வைக்கிறதா வரைஞ்சிருக்கினம். குப்பை எடுக்கிற அன்றைக்கு அவ்வளவு தொட்டியும் நடைபாதையில நிக்கும். பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு வாற பெட்டையள் றோட்டிலதான் இறங்க வேணும்." மகள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். திரையில் இலக்கம் சிவப்பாகியிருந்தது. தலைவர் கையைக் காட்டி, முடிக்க விட்டார். அதற்காக அவருக்கு ஒரு புள்ளி கூடப் போடுகிறேன்.

பிறகு நடந்ததைத்தான் ஃபுல் கவுன்சிலில் காணக் கிடைக்காது. எதிர்க்கட்சிப் பெண் கவுன்சிலர் ஒருவர், எங்கள் வட்டாரமே இல்லை, ஒலிவாங்கியை அழுத்தி, "குப்பை எடுக்கிற நாளில் தொட்டிகள் எங்கே நிற்கும்?" என்று கேட்டார். அதிகாரி வரைபடத்தைத் திரையில் கொண்டுவந்தார். பெருப்பித்தார். அடுத்த தாளுக்குப் போனார். திரும்பி வந்தார். மண்டபத்தில் முதன்முறையாக எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள்: அக்காவின் மதிலுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் இடையில் கிடந்த அந்தக் கொஞ்ச நிலத்தை. நடைபாதை அகலம் வரைபடத்தில் எழுதியிருக்கவில்லை. ஆளுங்கட்சிக் கவுன்சிலர் ஒருவரும் சேர்ந்து துருவினார். விண்ணப்பதாரரின் ஆள் எழும்பி, தொட்டி வைக்கிற இடத்தை மற்றத் தெருப் பக்கம் மாற்றுவதில் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் நிபந்தனையோடு: தொட்டிகள் மற்றப் பக்கம், குசினியைப் பார்க்கிற ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி. கட்டுவதையே நிற்பாட்டியிருந்தால் கட்டடக்காரர் அரசாங்கத்தின் பிளானிங் இன்ஸ்பெக்ரரேற்றுக்கு மேன்முறையீடு போயிருப்பார். அக்காவுக்கு அந்த வழி இல்லை, ஆட்சேபித்தவர்கள் மேன்முறையீடு செய்ய முடியாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கு வீட்டை ஈடு வைக்க வேண்டும். இந்தச் சமமின்மை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் இது கவுன்சில் போட்ட சட்டமும் இல்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் குழுவில் எங்கள் ஆள் ஒருவரும் இருந்தார். பொங்கல் விழாவில் சால்வையோடு மேடையில் பார்த்தால் அரை மணித்தியாலம் கதைக்கிறவர். அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பிளானிங்கில் கவுன்சிலர் முன்கூட்டியே முடிவு எடுத்தவர் போலக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது விதி, அது விளங்குகிறது. கேள்வி கேட்கக்கூடாது என்று விதி இல்லையே. அடுத்த தடவை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறபோது கோயில் கதையை விட்டுவிட்டு, குழுவில் என்ன கேட்டீர்கள் என்று கேட்கலாம். கூட்டறிக்கை இணையத்தில் கிடக்கிறது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இங்கே சட்டப்படி வசிக்கிறவர்களுக்கும் வாக்கு உண்டு, பொதுநலவாய நாட்டவர் என்பதால். இது தெரியாமல் வருசக்கணக்காகப் பதியாமல் இருக்கிறவர்கள் என்னுடைய கடைக்கு வருகிறவர்களிலேயே நிறைய.

லைசென்சிங் குழு பற்றிக் கொஞ்சம். மூன்று கவுன்சிலர்கள் இருந்து விசாரிப்பார்கள், கோட்டு மாதிரியே இருக்கும். இரவு 11 மணிக்குப் பிறகு சூடான சாப்பாடு விற்க வேண்டுமென்றாலும் அனுமதி வேண்டும். கொத்துரொட்டிக் கடை வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீல நிறத் தாளைக் கடை ஜன்னலில் ஒட்டி 28 நாள் வைக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் மஜிஸ்றேற் கோட்டுக்குப் போகலாம், இதில் ஆட்சேபித்த அயலவருக்கும் அந்த உரிமை உண்டு. சட்டத்தரணிக்குக் காசு கொடுக்க முன், சும்மா ஒரு கூட்டத்தில் போய் இருந்து பாருங்கள், என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடும்.

போகிறவர்களுக்கு: நிகழ்ச்சி நிரல் குறைந்தது ஐந்து முழு நாள் முன்னதாக இணையத்தில் வரும். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், முழுக்க வாசிக்க வேண்டாம். உங்கள் தெருவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அதிகாரியின் பரிந்துரை அநேகமாக அந்த விண்ணப்பத்துக்கான அறிக்கையின் தொடக்கத்திலேயே இருக்கும். கதைக்கப் பெயர் கொடுக்கிற கடைசி நேரம் ஒவ்வொரு பரோவிலும் வேறு, தொலைபேசியில் கேட்டு வையுங்கள், தொலைபேசியை எடுக்கிற குழு எழுத்தர்தான் முழு இடத்திலும் மிக நல்ல ஆள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் இருந்து நேரடி ஒளிபரப்பிலும் பார்க்கலாம், ஒலி அதில்தான் தெளிவு, ஆனால் கவுன்சிலர்கள் முகம் விளங்காது.

ஃபுல் கவுன்சில்: ஐந்தில் இரண்டு, பட்ஜெட் இரவு என்றால் மூன்று. லைசென்சிங்: மூன்றரை. பிளானிங்: நாலு. மற்ற ஒன்றில் பாதியை வெட்டினது ஒலிவாங்கிக்கு, பாதி அக்காவைத் தாழ்வாரத்தில் நிற்க வைத்ததற்கு.